கனவு மோதல்கள் ஏன் கைநழுவுகின்றன? குத்துச்சண்டை ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து சலூன்களில் குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் நடக்காத சண்டைகளில்தான் போய் நிற்கும். கண்டிப் பாடசாலைகளில் கையுறை மாட்டுகிற பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். "அவன் பயந்துட்டான்" என்ற ஒரே சொல்லில் பலர் வாதத்தை முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது, வளையத்துக்குள் ஏறும் மனிதருக்கு அநியாயமும்கூட. ஆகவே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து விரிவாகப் பதில் எழுதியிருக்கிறோம்.

இரண்டு சம்பியன்களும் "நான் தயார்" என்கிறார்கள். பிறகு என்னதான் தடை?

கிரிக்கெட்டில் ஐ.சி.சி. அட்டவணை போட்டால் இரண்டு அணிகளும் வந்து விளையாடியாக வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படி அட்டவணை போடும் தலைமை அமைப்பு எதுவும் இல்லை. பட்டம் வழங்கும் பெரிய அமைப்புகள் மட்டும் நான்கு இருக்கின்றன: டபிள்யூ.பி.ஏ., 1963இல் வந்த டபிள்யூ.பி.சி., 1983இல் வந்த ஐ.பி.எப்., 1988இல் வந்த டபிள்யூ.பி.ஓ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி, தனித்தனித் தரவரிசை, தனித்தனிக் கட்டணம். நான்கு பட்டத்தையும் வைத்துச் சண்டை போட்டால் நான்கு அமைப்புக்கும் வீரரின் வருமானத்திலிருந்து பங்கு போகும்.

அதற்கு மேலே வீரரின் முகாமையாளர், அவரோடு பல ஆண்டு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஏற்பாட்டாளர், ஒளிபரப்பு உரிமையை வாங்கிய தொலைக்காட்சி, அரங்கம், உரிமம் கொடுக்கும் ஆணைக்குழு என்று வரிசை நீள்கிறது. வீரர் கமராவுக்கு முன் தலையாட்டுவது பேச்சுவார்த்தை தொடங்கலாம் என்பதற்கான சம்மதம் மட்டுமே. பணப் பங்கு, மறுபோட்டி, எடை, ஊக்கமருந்துப் பரிசோதனை, கையுறை வகை, வளையத்தின் அளவு, யார் பெயர் முதலில் அச்சாகும், யார் கடைசியாக வளையத்துக்கு வருவார் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்றில் ஒரு தரப்பு பிடிவாதம் பிடித்தாலும் மற்றவை அனைத்தும் வீணாகிவிடும்.

பணப் பங்கில் 5 சதவீதம் கூடக்குறைய வந்தால் என்ன? இருவருக்குமே கோடிக்கணக்கில் கிடைக்குமே?

சதவீதம் பணத்தை மட்டும் குறிப்பதில்லை. "யாரைப் பார்க்க மக்கள் வருகிறார்கள்" என்பதற்கான எழுத்து மூல ஒப்புதலும் அதுதான். ஒருமுறை 40க்கு இறங்கியவரிடம் அடுத்த ஏற்பாட்டாளரும் 40இலிருந்துதான் பேசத் தொடங்குவார்.

ரோய் ஜோன்ஸும் பேர்னாட் ஹொப்கின்ஸும் 1993 மே மாதத்தில் ஒருமுறை மோதினார்கள், ஜோன்ஸ் புள்ளிகளில் வென்றார். 2002இல் இருவரும் உச்சத்தில் இருந்தபோது மறுபோட்டிப் பேச்சு வந்தது. முன்பே வென்றவன் என்பதால் ஜோன்ஸ் 60-40 கேட்டார், ஹொப்கின்ஸ் சரிபாதிக்குக் கீழே இறங்க மறுத்தார். அதோடு முறிந்தது. கடைசியில் 2010 ஏப்ரலில் நடந்தபோது ஜோன்ஸுக்கு வயது 41, ஹொப்கின்ஸுக்கு 45. ஹொப்கின்ஸ் வென்றார், ஆனால் 2002இல் யார் வென்றிருப்பார் என்ற கேள்விக்கு அந்தச் சண்டை பதில் சொல்லவில்லை.

தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2015இல் கேட்கப்பட்டு 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது என்பதை மலையகம் மறக்காது. அந்தப் பேரம் இழுபட இழுபட ஒரு தரப்பின் வீட்டில் மட்டும்தான் பற்றாக்குறை கூடியது. குத்துச்சண்டைப் பேரத்தில் இரு தரப்புக்கும் வேறு வருமானம் இருக்கிறது. அடுத்த மாதமே வேறொருவரோடு மோதி மில்லியன் கணக்கில் சம்பாதிக்கலாம் என்றால் விட்டுக்கொடுக்க எவருக்கும் அவசரம் வராது. ஒரு கனவுச் சண்டை ஏன் நிற்கிறது என்று பார்க்கும்போது நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான்: அந்தச் சண்டை இல்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் வேறு வழி என்ன இருந்தது?

அமெரிக்காவின் ஃபுளொய்ட் மேவெதர், பிலிப்பைன்ஸின் மானி பக்கியாவோ சண்டை ஐந்து ஆண்டு தாமதமானது எப்படி?

நடந்துவிட்டதால் பலர் இதைக் கனவுச் சண்டைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எங்கள் கணக்கில் 2010இல் நடக்க வேண்டிய சண்டை நடக்கவே இல்லை. 2015இல் நடந்தது வேறொரு சண்டை.

முதல் திட்டம் 2010 மார்ச் 13. பணப் பங்கு பெரிய தடையாக இருக்கவில்லை. மேவெதர் தரப்பு, எந்த நாளிலும் முன்னறிவிப்பின்றி இரத்தப் பரிசோதனை வேண்டும் என்றது. பக்கியாவோ தரப்பு, சண்டை நெருங்கும் நாட்களில் இரத்தம் எடுத்தால் உடல் தளர்ந்துவிடும் என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி டேனியல் வைன்ஸ்டைன் முன் மத்தியஸ்தம் நடந்தது. சண்டைக்கு 14 நாட்களுக்கு முன் பரிசோதனையை நிறுத்தலாம் என்று மேவெதர் தரப்பு இறங்கி வந்தது, பக்கியாவோ தரப்பு 24 நாள் என்று நின்றது. நடுவில் இருந்தது வெறும் பத்து நாள்.

அந்தப் பத்து நாளுக்குப் பின்னால் வேறு கசப்பும் இருந்தது. பக்கியாவோவின் ஏற்பாட்டாளர் பொப் ஆரம், முன்பு மேவெதரின் ஏற்பாட்டாளராக இருந்தவர். 2006இல் 750,000 டொலர் கொடுத்து அந்த ஒப்பந்தத்திலிருந்து மேவெதர் வெளியேறினார். மறுபடி அவரோடு பங்கு பிரிக்க மேவெதருக்கு மனமில்லை. பேச்சு முறிந்ததால் இருவருக்கும் நட்டமும் இல்லை. அதே மார்ச் 13இல் பக்கியாவோ ஜோஷுவா குளொட்டியோடு மோதினார், மே 1இல் மேவெதர் ஷேன் மோஸ்லியோடு மோதினார். இருவரும் வென்றார்கள், இருவரும் சம்பாதித்தார்கள்.

2012 டிசம்பர் 8இல் ஹுவான் மானுவல் மார்க்கெஸ் ஆறாவது சுற்றில் ஒரே வலது கைக் குத்தில் பக்கியாவோவைச் சாய்த்தார். 2013இல் மேவெதர் ஷோடைம் தொலைக்காட்சிக்கு மாறினார், பக்கியாவோ எச்.பி.ஓ. பக்கம் இருந்தார். இரண்டு நிறுவனமும் கூட்டாக ஒளிபரப்பச் சம்மதித்த பிறகே 2015 மே 2 வந்தது. மேவெதருக்கு 38, பக்கியாவோவுக்கு 36. பக்கியாவோவின் வலது தோள் காயப்பட்டிருந்தது. அதை ஆணைக்குழுவுக்கு முறைப்படி அறிவிக்காததால் அன்று ஊசி போட அனுமதி கிடைக்கவில்லை. மேவெதர் 118-110, 116-112, 116-112 என்று வென்றார். பணம் கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பு சுமார் 46 இலட்சம் விற்பனையானது. வியாபாரிகளுக்கு அந்தத் தாமதம் இலாபம், ரசிகனுக்குத்தான் இழப்பு.

ஊக்கமருந்துப் பரிசோதனை அவ்வளவு பெரிய விடயமா?

ஆம். நம் நாட்டு ரசிகருக்கு இது நன்றாகவே தெரியும். 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் நம் குத்துச்சண்டை வீரர் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கப் பதக்கம், நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து கண்டுபிடிக்கப்பட்டதால் பறிக்கப்பட்டது. தலையில் குத்து விழும் விளையாட்டில் மருந்து, எதிராளியின் உயிரோடு விளையாடுவது. ஆகவே பரிசோதனை கேட்பது நியாயமான கோரிக்கை. அதே கோரிக்கையைப் பேச்சை இழுக்கும் கருவியாகவும் பாவிக்கலாம் என்பதுதான் சிக்கல். எது எது என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு: கேட்பவர் தானும் அதே பரிசோதனைக்கு, அதே நாட்களில் உட்படுகிறாரா, மற்ற எதிராளிகளிடமும் அதையே கேட்கிறாரா என்று பாருங்கள்.

லெனொக்ஸ் லூயிஸ், ரிடிக் போவ் தொழில்முறையில் மோதவே இல்லையே, ஏன்?

இது எங்களுக்கு மிகவும் வலிக்கும் இழப்பு. 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கனடாவுக்காக ஆடிய லூயிஸ், அமெரிக்காவின் போவை இரண்டாம் சுற்றில் நிறுத்தினார். இருவரும் இளைஞர்கள், இருவரும் ஆறடிக்கு மேல் உயரம், இருவருக்கும் எதிர்காலம் திறந்து கிடந்தது.

1992 அக்டோபர் 31இல் லூயிஸ் லண்டனில் ரேஸர் ரடொக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி டபிள்யூ.பி.சி.யின் கட்டாயச் சவாலராக, அதாவது சம்பியன் அடுத்து மோதியே ஆக வேண்டியவராக, ஆனார். இரண்டு வாரத்தில், நவம்பர் 13இல், போவ் அப்போதைய சம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டைத் தோற்கடித்து உலகச் சம்பியன் ஆனார். அடுத்த சண்டை இவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். பங்குப் பேச்சு ஒத்துவரவில்லை. டிசம்பரில் போவ் லண்டனுக்கே வந்து, பத்திரிகையாளர்களுக்கு முன்னால் டபிள்யூ.பி.சி. பட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அமைப்பு பட்டத்தை லூயிஸுக்குக் கொடுத்தது. ஒருவரோடொருவர் சண்டையே போடாமல் இருவரும் சம்பியன்கள் ஆனார்கள். அதன்பின் மோத வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

பிறகு 1993 நவம்பரில் போவ் ஹோலிஃபீல்டிடம் தோற்றார். 1994 செப்டெம்பரில் லூயிஸ் வெம்ப்லியில் ஒலிவர் மெக்கோலிடம் இரண்டாம் சுற்றில் விழுந்தார். 1996இல் கோலொட்டாவோடு நடந்த இரண்டு கொடூரச் சண்டைகளோடு போவின் உடல் முடிந்துபோயிற்று. லூயிஸ் 2003 வரை ஆடினார்.

பட்டங்கள் நான்காகப் பிரிந்திருப்பதன் உண்மையான கேடு இதுதான். ஒரே பட்டம் இருந்தால் அதை வைத்திருப்பவரைத் தேடி மற்றவர் வந்தே ஆக வேண்டும்.

கட்டாயச் சவாலர் என்றால் என்ன? அதனால் சண்டை நடக்கத்தானே வேண்டும்?

தரவரிசையில் முதலிடம் பிடித்தவரோடு குறித்த காலத்துக்குள் சம்பியன் மோத வேண்டும் என்பது விதி. இரு தரப்பும் பேசி முடிக்கச் சில வாரம் கிடைக்கும். முடியாவிட்டால் ஏலம். எந்த ஏற்பாட்டாளரும் மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுக்கலாம், கூடிய தொகை எழுதியவருக்குச் சண்டை போகும், அமைப்பு சொல்லும் விகிதத்தில் வீரர்களுக்குப் பணம் பிரியும். 2022 ஜனவரியில் டைசன் ஃபியூரி, டிலியன் வைட் சண்டையை ஃபிராங்க் வொரன் 41,025,000 டொலருக்கு எடுத்தார். ஃபியூரிக்கு 80, வைட்டுக்கு 20 என்று விகிதம்.

இந்த விதி நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் அது பெரிய மோதலைத் தடுக்கவும் செய்கிறது. நான்கு பட்டமும் வைத்திருப்பவருக்கு நான்கு சவாலர்கள் வரிசையில் நிற்பார்கள். ரசிகர் கேட்கும் ஐந்தாவது ஆளுக்கு நாளே மிஞ்சாது. விரும்பாத சவாலர் வந்தால் பட்டத்தையே விட்டுவிடும் வழியும் திறந்திருக்கிறது. 2016 மே மாதத்தில் கனெலோ அல்வாரெஸ் தன் டபிள்யூ.பி.சி. நடுத்தர எடைப் பட்டத்தை விட்டுக்கொடுத்தார், அது கெனடி கொலொவ்கினுக்குப் போனது. இருவரும் மோதியது 2017 செப்டெம்பரில். அப்போது கொலொவ்கினுக்கு வயது 35.

ஃபியூரி, அந்தனி ஜோஷுவா 2021இல் மோதப் போகிறார்கள் என்று அறிவித்தார்களே?

அறிவித்தார்கள். ஓகஸ்ட் 14, சவூதி அரேபியா என்று திகதியும் இடமும் வந்தது. ஆனால் டியோண்டே வைல்டரோடு ஃபியூரி செய்திருந்த பழைய ஒப்பந்தத்தில் மூன்றாவது சண்டைக்கான உரிமை இருந்தது. அது காலாவதியாகிவிட்டது என்று ஃபியூரி தரப்பு நம்பியது. வைல்டர் நடுத்தீர்ப்புக்குப் போனார். மே மாதத்தில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தீர்ப்பளித்தவர், 2010இல் மேவெதர், பக்கியாவோ தரப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்த அதே வைன்ஸ்டைன். செப்டெம்பரில் ஜோஷுவா உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் தோற்று மூன்று பட்டத்தையும் இழந்தார். நான்கு பட்டமும் ஒரே இரவில் தீர்மானமாகும் வாய்ப்பு அதோடு கலைந்தது.

மறுபோட்டி விதி சண்டையை முடித்து வைப்பதைவிட முடக்கி வைப்பதே அதிகம். 2023 மார்ச்சில் உசிக், ஃபியூரி கேட்ட 70-30 பங்குக்கே சம்மதித்துவிட்டார். அப்படியும் மறுபோட்டி நிபந்தனைகளில் முறிந்தது. அந்தச் சண்டை 2024 மே 18இல் ரியாத்தில்தான் நடந்தது, உசிக் வென்றார். 1999இல் லூயிஸுக்குப் பிறகு அதிபார எடையில் பட்டங்கள் அனைத்தும் ஒருவரிடம் சேர்ந்தது அன்றுதான்.

பெரிய சண்டைக்கு முன் சின்னச் சண்டை ஏன் போடுகிறார்கள்?

ஆசை வளரட்டும், விலை ஏறட்டும் என்று. இதைப் போல் ஆபத்தான கணக்கு வேறில்லை. 2023 டிசம்பர் 23இல் ரியாத்தில் ஒரே இரவில் ஜோஷுவாவும் வைல்டரும் வெவ்வேறு ஆட்களோடு மோதினார்கள். இருவரும் வென்றால் அடுத்து ஒருவரோடொருவர் மோதுவது திட்டம். ஜோஷுவா வென்றார், வைல்டர் ஜோசப் பார்க்கரிடம் தோற்றார். பல ஆண்டு பேசப்பட்ட சண்டைக்கு அந்த இரவோடு விலையே இல்லாமல் போயிற்று.

அப்போ பயந்து ஒதுங்கினவங்களே கிடையாதுன்றீங்களா, அண்ணே?

இருக்கிறார்கள், ஆனால் பயம் பெரும்பாலும் வீரரைவிட அவரைச் சுற்றியிருப்பவர்களுக்குத்தான். தோல்வியே காணாத பெயரை வைத்துத் தொழில் நடத்தும் ஏற்பாட்டாளருக்கு, ஆபத்து கூடி வருமானம் குறைந்த எதிராளி வேண்டாம். நல்ல இடது கைக்காரர்கள், பெயர் பரவாத கடினமான ஆட்கள் பல ஆண்டு காத்திருப்பது அதனால்தான்.

ஒருவர் ஒதுங்கினார் என்று சொல்வதற்கு முன் மூன்று விடயம் பார்க்க வேண்டும். எழுத்தில் ஒரு முன்மொழிவு வந்ததா, அல்லது வெறும் பேட்டியா? வந்தது என்றால், மறுத்தவர் எதைக் காரணமாகச் சொன்னார், அந்தக் காரணம் நீக்கப்பட்ட பின் புதிய காரணம் முளைத்ததா? மறுத்த பின் அவர் யாரோடு மோதினார், அதைவிடக் கடினமான ஆளோடா, இலேசான ஆளோடா? காரணங்கள் மாறிக்கொண்டே போய், எதிராளிகளும் இலேசாகிக்கொண்டே போனால் மட்டும் அந்தச் சொல்லைப் பாவியுங்கள்.

எடை வேறுபாட்டைச் சரிசெய்ய முடியாதா?

ஓரளவுக்கு முடியும். தொழில்முறையில் பொதுவாக 17 எடைப்பிரிவுகள். வெல்டர் எடை 147 இறாத்தல், அதாவது 66.7 கிலோ, நடுத்தர எடை 160 இறாத்தல், 72.6 கிலோ. இடையில் ஒரு எடையில் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எடை பார்ப்பது முந்திய நாள். தண்ணீரை வற்றவைத்து இறங்கியவர் மறுநாள் பல கிலோ கூடி வருவார். ஆகவே பெரிய ஆளுக்கு மறுநாள் எடைக்கும் கட்டுப்பாடு போடுவார்கள். 2023 ஏப்ரலில் ஜெர்வொன்டா டேவிஸ், ரையன் கார்சியா சண்டை 136 இறாத்தலில் நடந்தது, மறுநாள் காலை 10 இறாத்தலுக்கு மேல் கூடக்கூடாது என்று நிபந்தனை. கார்சியா ஏழாம் சுற்றில் விழுந்தார். வற்றிய உடலில் மூளையைச் சுற்றியுள்ள பாதுகாப்பும் குறைகிறது என்பதால் இந்த நிபந்தனைகளை நாங்கள் வரவேற்பதில்லை. நம் பிள்ளைகள் பாடசாலைப் போட்டிக்காகப் பட்டினி கிடந்து எடை இறக்குவதையும் இதே காரணத்தால் பயிற்றுநர்கள் தடுக்க வேண்டும்.

பணமும் பிடிவாதமும் தவிர வேறு காரணம் உண்டா?

உண்டு, அவைதான் மிகக் கொடியவை. 1915இல் ஜாக் ஜோன்சன் பட்டத்தை இழந்த பிறகு 22 ஆண்டுகள், 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை, எந்தக் கறுப்பினத்தவருக்கும் அதிபார எடைப் பட்டத்துக்காக மோத வாய்ப்புத் தரப்படவில்லை. ஜாக் டெம்ப்சியின் காலத்தில் முதல் சவாலர் ஹரி வில்ஸ். 1925இல் ஒப்பந்தம்கூட எழுதப்பட்டது, சண்டை நடக்கவில்லை. 1926இல் டெம்ப்சி ஜீன் டனியோடு மோதித் தோற்றார். வில்ஸின் நல்ல காலம் காத்திருப்பிலேயே கழிந்தது.

கியூபாவில் 1962 முதல் தொழில்முறை விளையாட்டுக்குத் தடை. 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற தியோஃபிலோ ஸ்டீவன்சன், முகமது அலியோடு மோத வந்த அழைப்பை ஏற்கவில்லை. அவர் தன் நாட்டை விட்டு வர விரும்பவில்லை. அதைக் குறையாகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கியூபா அந்தத் தடையைக் குத்துச்சண்டைக்குத் தளர்த்தியது 2022இல்தான்.

மெக்சிகோவின் சல்வடோர் சான்செஸ் 1982 ஓகஸ்ட் 12இல் கார் விபத்தில் இறந்தார், வயது 23. அதற்கு முந்திய மாதம்தான் அசுமா நெல்சனைத் தோற்கடித்திருந்தார். 1991 நவம்பருக்குக் குறிக்கப்பட்ட மைக் டைசன், ஹோலிஃபீல்ட் சண்டை டைசனின் விலா எலும்புக் காயத்தால் நின்று, அவர் சிறை சென்று வந்த பிறகு 1996இல் நடந்தது.

முகமது அலியும் மைக் டைசனும்?

காலம் ஒத்துவரவில்லை. அலியின் கடைசிச் சண்டை 1981 டிசம்பர், ட்ரெவர் பேர்பிக்கோடு, தோல்வி. டைசனின் முதல் தொழில்முறைச் சண்டை 1985 மார்ச். 1986இல் டைசன் பட்டம் வென்றது அதே பேர்பிக்கிடம்.

நம் பாடசாலைப் போட்டிகளில் இந்தப் பிரச்சினை உண்டா?

மிகக் குறைவு. அமெச்சூர் போட்டியில் எதிராளியைத் தேர்வது சீட்டுக் குலுக்கல். பெயர் வந்தால் ஏற வேண்டும், ஏறாவிட்டால் தோல்வி. பங்குப் பேச்சு கிடையாது. ஒருவரைத் தவிர்க்க ஒரே வழி எடைப்பிரிவை மாற்றிக்கொள்வதுதான். சிறந்த இருவர் முதல் சுற்றிலேயே மோதி ஒருவர் வெளியேறிவிடலாம் என்பது மட்டுமே குறை. தொழில்முறைக்காரர்களைவிட அமெச்சூர்க்காரர்களின் சாதனைப் பட்டியலை நாங்கள் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சண்டை உறுதியா, வதந்தியா என்று எப்படி அறிவது?

"பேச்சு நடக்கிறது" என்றால் ஒன்றும் இல்லை. "கொள்கையளவில் உடன்பாடு" என்றாலும் கையொப்பம் இல்லை, 2021 அதற்குச் சாட்சி. இரு வீரரும் கையொப்பமிட்டதாக இரு ஏற்பாட்டாளரும் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் அது மற்றவருக்குக் கொடுக்கும் நெருக்கடி. அடுத்து அரங்கின் பெயரும் திகதியும், பிறகு டிக்கெட் விற்பனை. டிக்கெட் விற்கத் தொடங்கிய பிறகும் காயமோ மருந்துப் பரிசோதனையோ குறுக்கிடலாம். 2024 பெப்ரவரிக்குக் குறித்த உசிக், ஃபியூரி சண்டை, பயிற்சியில் ஃபியூரியின் கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டதால்தான் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. எடை பார்த்து முடிந்தால் நம்பலாம்.

நடந்தால் இங்கே எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

லாஸ் வேகாஸ் என்றால் மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை நம் நேரம் பன்னிரண்டரை மணித்தியாலம் முன்னே இருக்கும். அங்கே சனி இரவு 8 மணி, இங்கே ஞாயிறு காலை 8.30. மற்ற மாதங்களில் 9.30. லண்டன் சண்டை சனி இரவு 10 மணிக்குத் தொடங்கினால் கோடையில் நமக்கு ஞாயிறு அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. ரியாத்துக்கு ஆண்டு முழுவதும் இரண்டரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே பிரதான சண்டை நள்ளிரவு தாண்டியே தொடங்குவது வழக்கம் என்பதால் அதிகாலை 3 மணிக்கு எழும்பினால் போதும். அறிவிக்கும் நேரம் பெரும்பாலும் முதல் சண்டையின் நேரம், பிரதான சண்டை அதற்கு மூன்று நான்கு மணித்தியாலம் கழித்தே வரும்.